ஸ்க்ரீனில் காலைப் பாருங்கள்: புதிதாக விசில் எடுக்கும் கூடைப்பந்து நடுவர்களுக்கு

ஊட்டியில் ஒரு ஜூலை மாதம். காலையில் பெய்த சாரல் நின்றுவிட்டது, ஆனால் சிமெண்ட் தரை காயவில்லை. பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டம், நான்காவது குவார்ட்டர். நான் விசில் ஊதத் தொடங்கி இரண்டாவது வருடம். ஒரு பையன் தன் அணியின் பந்துக்காரனுக்கு ஸ்க்ரீன் போட, அதாவது எதிராளியின் வழியை மறிக்க, வந்து நின்றான். டிஃபெண்டர், அதாவது பந்துக்காரனைத் தடுக்கும் எதிரணிப் பையன், ஓடிவந்த வேகத்தில் அவன் மேல் மோதித் தொப்பென்று விழுந்தான். அந்தச் சத்தம் சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது. நான் உடனே ஊதி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஸ்க்ரீன் போட்டவன் மேல் ஃபவுல் கொடுத்தேன்.

அது அவனுக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே போக வேண்டியதுதான். அவன் கத்தவில்லை. "சார், தரையைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். பார்த்தேன். மோதலில் அவன் ஓர் அடி பின்னால் தள்ளப்பட்டிருந்தான். ஆனால் முதலில் நின்ற இடத்தில் ஈரத் தரை மேல் இரண்டு ஷூ தடமும் அச்சு வைத்ததுபோல் இருந்தன. ஷூவின் அடியில் உள்ள வரிகள்கூட எண்ணும்படி தெளிவு. இழுபட்ட கோடு எதுவும் இல்லை. விழுந்தவனின் தடம்தான் ஒரு முழ நீளத்துக்கு வழுக்கியிருந்தது.

அன்றைக்கு நான் பார்த்தது மோதலை. பார்த்திருக்க வேண்டியது மோதலுக்கு முந்தின ஒரு நொடியை. இந்த மலையில் புதிதாக விசில் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். டிராவலிங், டபுள் டிரிபிள் போன்ற பந்துத் தவறுகள் எல்லாம் நாலு ஆட்டத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஸ்க்ரீன் அப்படிப் பழகாது. அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

முதலில், ஸ்க்ரீன் என்றால் என்ன

கையில் பந்து இல்லாத எதிராளி தான் போக நினைக்கும் இடத்துக்குப் போகவிடாமல், அல்லது தாமதமாகப் போகும்படி, வழியில் போய் நிற்பது. அவ்வளவுதான். இது குறுக்கு வழி இல்லை, ஆட்டத்தின் நேர்மையான ஒரு உத்தி. நம் ஊர்களில் ஆடப்படுவது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படிதான். அதில் உடல் மோதல் பற்றிய 33ஆவது விதியில் ஸ்க்ரீனுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம்கூட வராது.

பையன்கள் டிவியில் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்துவிட்டு அங்கே நடப்பதை இங்கே செய்வார்கள். "அங்கே விடுறாங்களே சார்" என்பார்கள். அந்த ஆட்டத்தின் விதிப்புத்தகம் வேறு. வாதம் செய்யாமல் அதை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து, மூன்று கேள்வி, இதே வரிசையில்

மோதல் நடந்ததா? இதுதான் முதல் கேள்வி. ஸ்க்ரீன் போடுபவர் நகர்ந்துகொண்டே இருந்தாலும் யாரையும் தொடவில்லை என்றால் அங்கே ஃபவுல் இல்லை. புதியவர்கள் செய்யும் தவறுகளில் நான் அதிகம் பார்ப்பது இது. ஒரு பெண் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே ஸ்க்ரீன் போடுகிறாள், டிஃபெண்டர் சுற்றிக்கொண்டு போய்விடுகிறாள். கோச் "மூவிங், மூவிங்" என்று கத்துகிறார். உடனே விசில் வாய்க்குப் போகிறது. போகக் கூடாது. மோதல் இல்லாமல் மூவிங் ஸ்க்ரீன் என்று ஒரு ஃபவுல் கிடையாது.

மோதல் நடந்த அந்த நொடியில் ஸ்க்ரீன் போட்டவர் அசையாமல், இரண்டு காலும் தரையில் இருக்க நின்றாரா? இது இரண்டாவது. ஒரு கால் காற்றில் இருந்தாலோ, கடைசி அரை அடியை இழுத்து வைத்துக்கொண்டிருந்தாலோ அது சட்டப்படியான ஸ்க்ரீன் இல்லை.

டிஃபெண்டருக்கு விதி சொல்லும் இடைவெளி கிடைத்ததா? இது மூன்றாவது. இங்கேதான் நிதானம் வேண்டும், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இந்த மூன்றுக்கும் "ஆம்" என்றால், விழுந்தவர் எவ்வளவு பலமாக விழுந்திருந்தாலும் ஸ்க்ரீன் போட்டவர் மேல் தவறில்லை. சட்டப்படி போட்ட ஸ்க்ரீனில் மோதினால் அந்த மோதலுக்குப் பொறுப்பு மோதியவர்தான். இதை மனசில் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் "ஐயோ" என்று கத்தும், விழுந்த பிள்ளையின் அப்பா எழுந்து நிற்பார். நமக்கும் பாவமாக இருக்கும். ஆனால் அசையாமல் நின்று அடி வாங்கிய பிள்ளையும் ஒரு பிள்ளைதான்.

இடைவெளிக் கணக்கு

மோதப்போகிற டிஃபெண்டர் நிற்கிறாரா, ஓடுகிறாரா? முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிற்கிறார், ஸ்க்ரீன் அவர் பார்வைக்குள், அதாவது முன்னாலோ பக்கவாட்டிலோ வருகிறது என்றால் எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். தொடாமல் நின்றால் போதும். மூக்கோடு மூக்கு என்றாலும் சரிதான்.

நிற்கிறார், ஆனால் ஸ்க்ரீன் அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறது என்றால், அவர் ஒரு சாதாரண அடி எடுத்து வைத்தாலும் மோதாத அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்க வேண்டும். தெரியாமல் திரும்பும் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக வந்த விதி இது. முதுகுப் பக்கம் ஒட்டி நின்று, அவன் திரும்பியதும் நெஞ்சில் மோதும்படி செய்தால், நின்றவன் கற்சிலை மாதிரி நின்றிருந்தாலும் ஃபவுல்தான். கால் அசையவில்லை என்பது மட்டும் போதாது என்று புதியவர்களுக்குப் புரியவைக்க நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

ஓடுகிறார் என்றால் நேரமும் தூரமும் கணக்கில் வரும். நின்றோ திசை மாற்றியோ தப்பிக்கும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடம் ஓடுபவரின் வேகத்தைப் பொறுத்தது. குறைந்தது ஒரு சாதாரண அடி, அதிகபட்சம் இரண்டு. மெதுவாக நடந்து வருபவருக்கு ஒன்று போதும். முழு வேகத்தில் ஃபாஸ்ட் பிரேக்கை (திடீர் வேகத் தாக்குதலை) துரத்துபவருக்கு இரண்டு வேண்டும். "நான் வேகமாக வந்தேன், நாலு அடி வேணும்" என்று யாரும் கேட்க முடியாது.

விதி நடக்கும்போது வைக்கும் அடி என்றுதான் சொல்கிறது, சென்டிமீட்டர் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பெண்ணின் அடியும் கல்லூரிப் பையனின் அடியும் ஒன்றில்லை. ஆட்டம் தொடங்குமுன் லே-அப் (கூடைக்கு அருகில் ஓடிவந்து பந்து போடும்) பயிற்சி எடுப்பார்கள் அல்லவா, அப்போது டீ குடிக்கப் போகாமல் அவர்கள் நடப்பதைப் பாருங்கள். அன்றைய ஆட்டத்துக்கு ஓர் அடி என்பது என்ன என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் டிஃபெண்டர் பக்கவாட்டிலும் பின்னாலும் நகரலாம். முறைப்படி எதிரே நின்று இடம் பிடித்துவிட்டால், நகர்ந்தபடி நெஞ்சில் மோதல் வாங்கினாலும் அவர் மேல் தவறில்லை. அதைப் படித்த கையோடு ஸ்க்ரீனுக்கு வருபவர்கள், ஸ்க்ரீன் போடுபவரும் அப்படி நகரலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். முடியாது. ஸ்க்ரீன் போடுபவருக்கு அந்தச் சலுகை இல்லை, அவர் நின்றே ஆக வேண்டும். அதே மாதிரி, பந்து வைத்திருப்பவர் எதிரே இடம் பிடிக்க நேரமும் தூரமும் தர வேண்டியதில்லை, பந்து இல்லாதவருக்குத் தந்தே ஆக வேண்டும். இந்த இரண்டு ஜோடியையும் ஒரு தாளில் எழுதி ஒரு வாரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

காலுக்கு அப்புறம் உடம்பு

ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் ஓர் உருளை இருப்பதாக விதி சொல்கிறது. முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் பிட்டம் வரை, பக்கங்களில் கை கால்களின் வெளி விளிம்பு வரை. ஸ்க்ரீன் போடுபவர் அந்த உருளைக்குள் இருக்க வேண்டும். கையை நெஞ்சில் கட்டிக்கொள்வது, முன்னால் குறுக்காக வைத்துத் தன்னைக் காத்துக்கொள்வது எல்லாம் சரி. டிஃபெண்டர் தாண்டிப் போகும்போது முழங்கை வெளியே போகிறதா, இடுப்பு ஒரு சாண் நகர்கிறதா, முழங்கால் நீள்கிறதா என்று பாருங்கள். கால் ஊன்றியபடி இருக்க இடுப்பு மட்டும் போய் இடிக்கும். பழகிய ஆட்டக்காரர்கள் இதை அழகாக மறைப்பார்கள். முதலில் காலைப் பாருங்கள், அப்புறம் கண்ணை மெல்ல இடுப்புக்கும் தோளுக்கும் ஏற்றுங்கள். மேலிருந்து கீழே பார்த்தால் கால் தப்பிவிடும்.

பிக் அண்ட் ரோலில், அதாவது ஸ்க்ரீன் போட்டுவிட்டுக் கூடைக்கு ஓடும் உத்தியில், இன்னொன்று. ஸ்க்ரீன் போட்டவர் மோதலுக்குப் பிறகு கூடையை நோக்கித் திரும்பி ஓடலாம், அது அவர் உரிமை. ஆனால் டிஃபெண்டர் இன்னும் வந்து சேராதபோதே திரும்ப ஆரம்பித்து, அந்தத் திருப்பத்தில் அவர் வழிக்குள் முதுகை நுழைத்து மோதினால் அது மூவிங் ஸ்க்ரீன். பந்தைக் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்த கையோடு ஓர் அடி எடுத்து வைத்து டிஃபெண்டரை அடைப்பதும் அப்படித்தான். இந்தக் கைமாற்றும் ஆட்டம் இப்போது எல்லாப் பள்ளி அணிகளிலும் வந்துவிட்டது. அங்கே கண் பந்தோடு போய்விடும், போகவிடாதீர்கள்.

டிஃபெண்டரை மறக்காதீர்கள்

ஸ்க்ரீன் என்றாலே போட்டவர் மேல்தான் சந்தேகப்பட வேண்டும் என்றில்லை. டிஃபெண்டர் சரியான ஸ்க்ரீனைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போவார், ஸ்க்ரீன் போட்டவரின் ஜெர்சியைப் பிடித்துத் திருப்புவார். இதெல்லாம் டிஃபெண்டர் மேல் ஃபவுல். சும்மா உரசிக்கொண்டு, யாருக்கும் லாப நஷ்டமில்லாமல் இரண்டு பேரும் ஆட்டத்தைத் தொடர்ந்தால் விட்டுவிடுங்கள். பார்வை படாத பக்கம் சரியான இடைவெளியில் போட்ட ஸ்க்ரீனில் ஒருவர் மோதி, மோதியதும் நின்றுவிட்டால் நான் பெரும்பாலும் ஊதுவதில்லை. மோதிய பிறகும் தள்ளிக்கொண்டு போனால் ஊதுவேன்.

குளிர்காலத்தில் நம் பிள்ளைகள் ஜெர்சிக்கு உள்ளே முழுக்கைப் பனியன் போட்டு ஆடுவார்கள். அந்தக் கையைப் பிடித்து இழுப்பது வெளியே தெரியாது. ஓடுகிறவரின் தோள் திடீரென்று பின்னால் போனால் பிடி இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம் வேண்டுமென்றால் துணி இறுகுவதைப் பாருங்கள்.

எங்கே நிற்பது

இரண்டு பேர் நடுவராக இருக்கும் ஆட்டத்தில், பொதுவாக டிரெய்லில், அதாவது ஆட்டத்துக்குப் பின்னால், இருப்பவர் பந்தையும் பந்துக்காரருக்குப் போடும் ஸ்க்ரீனையும் பார்ப்பார். பேஸ்லைனில், அதாவது கூடைக்குப் பின்னால் உள்ள கோட்டில், லீடாக (முன்னால் நிற்கும் நடுவராக) இருப்பவர் பந்து இல்லாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். புது லீட் எல்லாரும் பந்தையே பார்ப்பார்கள், எனக்கும் அது பழகப் பல மாதம் ஆனது. பந்து உங்கள் பக்கம் இல்லை என்றால், இப்போது யார் ஸ்க்ரீன் போட வருகிறார் என்று தேடுங்கள். நின்ற இடத்தை விட்டு எதிரணி ஆளை நோக்கி ஒருவர் நடக்கத் தொடங்குவார், கை தானாக நெஞ்சுக்குப் போகும். அதுதான் அடையாளம். அந்த நொடியிலிருந்து அவர் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோதல் நடந்த பிறகு தேடினால் கிடைப்பது இரண்டு உடம்பும் ஒரு சத்தமும் மட்டும்தான்.

கோணமும் முக்கியம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் மறைந்திருந்தால் எதுவும் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்படி ஓர் அடி பக்கவாட்டில் நகருங்கள். பத்தடி ஓடுவதைவிட அந்த ஓர் அடிதான் அதிகம் காட்டும்.

ஊதிய பிறகு

ஒரு கை முஷ்டியை மேலே தூக்கிக் கடிகாரத்தை நிறுத்துங்கள். கணக்கு எழுதுபவர்களின் டேபிள் பக்கம் போய் நின்று, தவறு செய்தவரின் ஜெர்சி எண்ணைக் காட்டுங்கள், பிறகு இரண்டு கையும் இடுப்பில். பந்து வைத்திருந்த அணியின் ஃபவுல் என்றால் கடைசியாக முஷ்டியை நீட்டி, தவறு செய்த அணியின் கூடைப் பக்கம் காட்ட வேண்டும். ஓடிக்கொண்டே காட்டாதீர்கள். பனிமூட்டத்தில் டேபிளில் இருப்பவர்களுக்கு உங்கள் விரல்கூடத் தெரியாது.

தண்டனை என்ன? ஸ்க்ரீன் போட்ட அணியிடம் பந்து இருக்கும்போது அந்த ஃபவுல் நடந்தால், ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கிடையாது. அந்தக் குவார்ட்டரில் அவர்களுக்கு நாலு டீம் ஃபவுல் முடிந்திருந்தாலும் கிடையாது. எதிரணிக்குப் பந்து, தவறு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே இருந்து த்ரோ-இன் (பந்தை உள்ளே எறிவது). ஆட்டக்காரர் கணக்கிலும் அணிக் கணக்கிலும் அது ஏறும். ஷூட் செய்யும் முன்பே சக ஆட்டக்காரரின் தவறான ஸ்க்ரீனுக்கு ஊதிவிட்டால், அதற்கப்புறம் விழும் கூடை எண்ணப்படாது.

ஷூட் செய்த பந்து கையை விட்டுப் போன பிறகு கதை வேறு. அந்த நொடியில் பந்து எந்த அணியின் கட்டுப்பாட்டிலும் இல்லை. அப்போது ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) ஓடும் எதிராளியை ஷூட் செய்த அணிக்காரர் தவறாக அடைத்து, அந்த அணிக்கு ஏற்கனவே நாலு ஃபவுல் ஆகியிருந்தால், எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ. டேபிளில் இருப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுவார்கள், நீங்கள் மறக்கக் கூடாது. முழங்கையை முகத்துக்கு ஓங்குவது, பார்வை படாத பக்கத்திலிருந்து பாய்ந்து இடிப்பது போன்ற அளவு மீறிய மோதல் சாதாரண ஸ்க்ரீன் ஃபவுல் இல்லை. அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் ஃபவுல் (ஆட்டப் பண்புக்கு மாறான தவறு) கொடுக்கத் தயங்காதீர்கள்.

மலைக் கோர்ட்டில் கூடுதலாக

கோர்ட் 28க்கு 15 மீட்டர், வெளியே சுற்றிலும் 2 மீட்டர் வெற்றிடம் என்பது புத்தகத்தில். நம் ஊரில் சரிவை வெட்டித்தான் கோர்ட் போட முடியும். பல இடங்களில் ஒரு பக்கம் மண் சரியாமல் கட்டிய கற்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அந்தப் பக்கத்துக் கோட்டோரம் போடும் ஸ்க்ரீனில் டிஃபெண்டருக்குத் தப்பிக்கும் திசை ஒன்று குறைந்துபோகும். விதியை நான் மாற்றுவதில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டனையும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், "இங்க ஸ்க்ரீன் போட்டா நான் ரொம்பக் கவனமாப் பாப்பேன்" என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் பிள்ளைகளே பார்த்து ஆடுவார்கள்.

ஈரம் அடுத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டமே திறந்த வெளியில் மழையில் நடந்து, அமெரிக்கா கனடாவை 19க்கு 8 என்ற கணக்கில் வென்றது. அந்த எண்ணிக்கையே தரை எப்படி இருந்தது என்று சொல்லிவிடும். ஈரத்தில் நிற்க நினைப்பவருக்கும் நிற்க முடியாது. ஸ்க்ரீன் போட வந்தவர் வழுக்கிக்கொண்டே போய் மோதினால், வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் மோதும்போது நகர்ந்தார் என்பதால் ஃபவுல்தான். அதே சமயம் பிள்ளைகள் நிற்கவே முடியாத தரையில் ஆட்டம் நடத்துவது நம் தவறு. மூலையில் பாசி இருக்கிறதா என்று நான் எப்போதும் என் ஷூவால் தேய்த்துப் பார்ப்பேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை போர்டு தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். இங்கே மூட்டம் வந்த வேகத்திலேயே கலையவும் செய்யும்.

கோயம்புத்தூரிலிருந்து மேலே வரும் அணிகள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கத் தொடங்கும். களைத்த கால் ஸ்க்ரீனுக்கு அரை நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். முதல் பாதியில் சரியாக நின்ற அதே பெண் நாலாவது குவார்ட்டரில் நகர்ந்துகொண்டே மோதுவாள். அவளைப் பற்றி முன்பே எடுத்த முடிவை அங்கே கொண்டுவராமல், ஒவ்வொரு முறையும் காலைப் புதிதாகப் பாருங்கள்.

ஒரு பயிற்சி

சாக்பீஸ், இரண்டு பிள்ளைகள், பத்து நிமிடம் போதும். ஒருவரை முதுகு காட்டி நிற்க வையுங்கள். அவர் காலைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னால் ஒரு சாதாரண அடி எடுத்து வைக்கச் சொல்லி அங்கேயும் கோடு போடுங்கள். மற்றவர் சில முறை கோட்டுக்கு உள்ளேயும் சில முறை வெளியேயும் வந்து ஸ்க்ரீன் போட, முதலாமவர் திரும்பி மெல்ல நடக்கட்டும். நீங்கள் பேஸ்லைனிலிருந்து பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள்: "சரி", "இடமில்லை", "அசைஞ்சாச்சு". பிறகு போய்க் கோட்டைச் சரிபாருங்கள். ஓடிவருபவரை வைத்து அடுத்த சுற்று. முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பும். அடுத்த வாரம் மறுபடி செய்யுங்கள்.

சாரல் நாளில் சாக்பீஸ் பிடிக்காது. அன்றைக்குக் கோடு போடாமல் செய்யுங்கள். பிள்ளைகள் நகர்ந்ததும் குனிந்து தடத்தைப் பாருங்கள், வரி வரியாகத் தெளிவாக இருந்தால் நின்றிருக்கிறான், ஒரு பக்கம் கலங்கி நீண்டிருந்தால் நகர்ந்திருக்கிறான். நீங்கள் சொன்னதும் தரை சொல்வதும் ஒன்றாக வரும்வரை நான் என்னிடம் பழகும் புது நடுவர்களை ஆட்டத்துக்கு அனுப்புவதில்லை.